புதுப் போர்ட்டாஃபில்டரில் ஒரு புள்ளி

எனக்குத் தெரிந்த நாலைந்து வீடுகளில் இப்போது எஸ்பிரெஸோ மிஷின் இருக்கிறது. மிஷினோடு கதை முடிவதில்லை. கைப்பிடி வைத்த வடிகட்டிக் கிண்ணமான போர்ட்டாஃபில்டர், அதற்குள் உட்காரும் துளை போட்ட பாஸ்கெட், காப்பித் தூளை அழுத்தும் டேம்பர், பால் நுரைக்கும் ஜாடி என்று துணைச் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. விலையும் லேசில்லை. ஒரு நல்ல டேம்பர் வாங்கும் காசுக்கு எங்கள் காலத்தில் கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பாதி வாங்கியிருக்கலாம். அவ்வளவு கொடுத்து வாங்கிப் பெட்டியைப் பிரித்தால், பளபளக்கும் குரோமியத்தின் மேல் குண்டூசி முனையளவு ஒரு புள்ளி. அல்லது கழுத்தருகே மயிரிழையாய் ஒரு கீறல். உடனே எனக்குப் போன் வரும்: "சார், புத்தம் புதுசு. ஆனா ஒரு மார்க் இருக்கு. திருப்பி அனுப்பிடட்டுமா?"

என்னைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்ததெல்லாம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுப் பிரிவில். கீறல், பிசிறு, சொட்டை, கொப்புளம், குழி என்று முலாம் பூசிய உருப்படிகளின் குறைகளைப் பெயர் சொல்லிப் பிரிப்பதுதான் பிழைப்பு. ஆனால் இந்தக் கேள்விக்கு ஆய்வுப் பிரிவின் பதில் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. புதுப் பொருளின் முகம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நமக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. எஸ்பிரெஸோவின் சரித்திரத்தோடு அது பின்னிக் கிடக்கிறது. அந்தச் சரித்திரத்தில் சிலருடைய மூக்கும் நுரையீரலும் உண்டு.

1884ஆம் ஆண்டு இத்தாலியின் டுரின் நகரில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கே ஆஞ்சலோ மோரியோண்டோ என்ற ஓட்டல்காரர் நீராவியைக் கொண்டு காப்பி வடிக்கும் கருவி ஒன்றை வைத்தார். வெண்கலப் பதக்கம் கிடைத்தது, காப்புரிமையும் வாங்கினார். ஆனால் அவர் அதை ஊருக்கெல்லாம் செய்து விற்கவில்லை. தன் கடைகளில் வைத்துக்கொண்டதோடு சரி. அது மொத்தமாகக் காப்பி வடிக்கிற அண்டா ஜாதி.

ஆளுக்கொரு கோப்பை அப்போதைக்கப்போது வடித்துத் தரும் யோசனை மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸேராவுடையது. 1901இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவியில்தான் போர்ட்டாஃபில்டர் என்ற உறுப்பு வருகிறது. ஒரு கோப்பைக்கு உண்டான தூளைக் கைப்பிடி வைத்த கிண்ணத்தில் போட்டு, மிஷினின் வாயில் திருகி மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றித் தட்டிக் கொட்டுவது. இன்று கூரியரில் வரும் போர்ட்டாஃபில்டரின் முப்பாட்டன் அதுதான். டெஸிடேரியோ பவோனி என்பவர் அந்த உரிமையை வாங்கி 1905இல் மிஷின் செய்ய ஆரம்பித்தார். மறு வருஷம், சிம்ப்ளான் ரயில் சுரங்கம் திறந்ததைக் கொண்டாடி மிலானில் நடந்த சர்வதேசப் பொருட்காட்சியில் எஸ்பிரெஸோ பொதுமக்கள் கண்ணில் பட்டது.

கவனிக்க வேண்டியது, அந்தக் கருவி பிறந்த இடம். அது சமையலறையில் பிறக்கவில்லை. பொருட்காட்சியிலும் கடை மேடையிலும் பிறந்தது. அந்தக் காலத்து மிஷின்களின் படங்களைப் பாருங்கள். தூண் மாதிரி நிற்கும் கொப்பரை, மேலே கோபுரம் போல ஒரு மூடி, சிலவற்றின் உச்சியில் சிறகு விரித்த கழுகு, உடம்பெல்லாம் எனாமல் பூவேலை. அந்தத் தூணுக்குள் இருப்பது வெந்நீர்தான். ஆனால் வாடிக்கையாளர் தெருவிலிருந்தே பார்த்து உள்ளே வரவேண்டுமே! 1922இல் கப்பியெல்லோ என்ற ஓவியர் விக்டோரியா ஆர்டுயினோ நிறுவனத்துக்கு வரைந்த விளம்பரச் சுவரொட்டி பிரசித்தம். ரயில் பெட்டியிலிருந்து ஒருவர் எட்டிச் சாய்ந்து, ராட்சச மிஷினிலிருந்து ஒரு கோப்பை காப்பி பிடிக்கிறார். வேகம், நீராவி, மின்னும் உலோகம் மூன்றும் ஒரே படத்தில். எஸ்பிரெஸோ விற்றது காப்பியை மட்டுமல்ல, அந்த மினுக்கத்தையும் சேர்த்துத்தான்.

ஆனால் அன்று மினுக்கத்துக்கு உரியது வெளித்தோற்றம் மட்டுமே. உள்ளே வேலை செய்யும் பித்தளை வார்ப்புகள் வார்ப்புகளாகவே இருந்தன. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு உருப்படியின் பரப்பை ஏ, பி, சி என்று பிரிப்போம். எப்போதும் கண்ணில் படும் முகம் ஏ. திருப்பினால் தெரிகிற பக்கம் பி. மாட்டிய பிறகு யாருமே பார்க்காத இடம் சி. ஏ முகத்தில் தள்ளுபடியாகும் கீறல் சி முகத்தில் பாஸாகிவிடும். பார்ப்பதற்கும் விதி உண்டு. நல்ல வெளிச்சத்தில், கை நீட்டும் தூரத்தில் பிடித்து, எண்ணி ஐந்தாறு விநாடி. அதற்குள் கண்ணில் படாதது குறையே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் எந்த உலோகமும் தேறாது. நூறு வருடத்தில் எஸ்பிரெஸோ சாமானுக்கு நடந்தது இதுதான்: சி முகமாக இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஏ முகமாகிவிட்டது.

அதற்கு வழி செய்தது முலாம். பித்தளை மேல் நிக்கல் முலாம் பூசும் முறைக்கு 1869இலேயே அமெரிக்காவில் ஐசக் ஆடம்ஸ் காப்புரிமை பெற்றுவிட்டார். நிக்கல் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காற்றுப் பட்டால் நாளடைவில் மஞ்சளடித்து மங்கும். தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1920களின் நடுவில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க்கும் சார்லஸ் எல்ட்ரிட்ஜும் குரோமிய முலாமைத் தொழிற்சாலைக்கு ஏற்ற முறையாக்கினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கார்களின் முகப்பெல்லாம் குரோமியமாயிற்று. மங்காது, கறுக்காது, துணியால் துடைத்தால் போதும்.

இந்த முலாமைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அலங்காரக் குரோமியத்தின் கனம் ஒரு மைக்ரானில் பாதிகூட இராது. தலைமுடியின் கனம் எழுபது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கீழே பித்தளையைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அதன் மேல் பத்து இருபது மைக்ரான் நிக்கல் ஏற்றி, அதற்கும் மேல்தான் இந்தச் சன்னப் படலம். ஆகவே நாம் பார்க்கும் பளபளப்பு, அடியில் மெருகு போட்டவன் கையின் பளபளப்பு. குரோமியம் எதையும் மறைக்காது, உள்ளதைக் காட்டிக்கொடுக்கும். பித்தளையை உருக்கி வார்க்கும்போது உள்ளே ஒரு சிறு காற்றுக்குமிழி தங்கினால், மெருகேற்றும்போது அது திறந்து கடுகுக்கும் சிறிய குழியாகிறது. வார்ப்பாக இருக்கும்போது அது யார் கண்ணிலும் படாது. குரோமியம் ஏறியதும் "இதோ" என்று சுட்டும். போனில் என்னிடம் சொல்லப்படும் புள்ளிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். வார்ப்பில் பிறந்த மச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலிக்குத் திரும்புவோம். 1938இல் மிலானில் காப்பிக்கடை வைத்திருந்த அக்கில்லே கஜ்ஜியா நீராவியை விட்டுவிட்டு, வெந்நீரைத் தூளின் வழியாக அழுத்தித் தள்ளும் முறைக்கு விண்ணப்பித்தார். யுத்தம் முடிந்த பிறகு அது நெம்புகோல் மிஷினாக வந்தது. பழைய நீராவி மிஷின்களில் ஒன்றரை, இரண்டு மடங்காக இருந்த அழுத்தம் எட்டு ஒன்பது மடங்காக ஏறியது. காப்பியின் மேல் பொன்னிற நுரை கட்டியது. தூண் மிஷின் படுத்துக்கொண்டது. 1948இல் கட்டடக் கலைஞர் ஜோ போன்ட்டி பவோனி நிறுவனத்துக்கு வடிவமைத்த மிஷின், கொம்பு முளைத்த உலோக மிருகம் மாதிரி குரோமியத்தில் மின்னியது. 1961இல் ஃபேமா நிறுவனம் ஈ-61 என்ற மிஷினைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 15இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வைத்துப் பெயர். மோட்டார் பம்பு அழுத்தம் தந்ததால் நெம்புகோல் போயிற்று. போர்ட்டாஃபில்டர் மாட்டும் அந்த மிஷினின் தலைப்பாகம் சுமார் நாலு கிலோ பித்தளை. முன்பு உள்ளே ஒளிந்திருந்த அந்த வார்ப்பு, குரோமியம் பூசிக்கொண்டு மிஷினின் முன்னால் மூக்காக நீட்டிக்கொண்டு நின்றது. இன்றும் வீட்டுக்கு வரும் மிஷின்களில் பல அந்த மூக்கின் நகல்தான்.

அதே 1961இல் பவோனியின் சின்ன நெம்புகோல் மிஷின், யூரோபிக்கோலா, வீட்டு மேடைக்கு வந்தது. கடையில் ஒரு மிஷினை நாளைக்கு நூறு பேர் தூர நின்று பார்ப்பார்கள். வீட்டிலோ ஒரே ஆள், ஒரே சாமானை, ஒரு சாண் தூரத்தில், தினமும் பார்க்கிறார். கடைக்காரன் போர்ட்டாஃபில்டரை நாள் முழுக்கக் கட்டையில் அடித்துத் தட்டுவான். ஒரே மாதத்தில் அதன் விளிம்பு காய்ப்புக் காய்த்துவிடும். அவனுக்கு அது கரண்டி. வீட்டுக்காரருக்கு அது நகை. நகையில் மச்சம் இருந்தால் மனசு ஒப்பாதுதானே.

மனசு ஒப்பாததை நான் குறை சொல்லமாட்டேன். சட்டமே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. அதன் கதையும் இத்தாலியில்தான் தொடங்குகிறது. பழைய ரோமாபுரியில் சந்தையைக் கண்காணித்த அதிகாரிகள் ஒரு ஆணை போட்டிருந்தார்கள். அடிமையையோ கால்நடையையோ விற்பவன் அதன் நோயையும் குறையையும் முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும். மறைத்து விற்றால் வாங்கியவன் திருப்பிக் கொடுக்கலாம். மனிதனையே சரக்காக வைத்து எழுதிய சட்டம் என்பது வேறு கொடுமை. ஆனால் வேர் அங்கே இருக்கிறது. 1942இல் வந்த இத்தாலியச் சிவில் சட்டத்தொகுப்பும் அந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான். மறைந்திருக்கும் குறைக்கு விற்றவன் பொறுப்பு. சுலபமாகக் கண்ணில் படக்கூடிய குறைக்கு, அப்படி எதுவும் இல்லை என்று விற்றவன் வாக்குக் கொடுத்திருந்தால் ஒழிய, பொறுப்பு இல்லை. இங்கிலாந்தின் 1893ஆம் வருடச் சட்டமும், அதைப் பார்த்து இங்கே எழுதப்பட்ட நம் 1930ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டமும் ஏறக்குறைய இதே வழிதான். சரக்கைப் பார்த்து வாங்கியவன், பார்த்தபோது தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு வழக்காட முடியாது.

தோற்றம் என்பது சட்டத்தில் தனியாக இடம் பிடித்தது பிற்பாடுதான். 1987இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு புதுக்கார் வழக்கு. ஓடுகிறதா என்பது மட்டும் கேள்வி இல்லை, புதுக்கார் வாங்குபவன் அதன் உள்ளும் வெளியும் பார்த்துப் பெருமைப்பட எதிர்பார்ப்பதும் நியாயமே என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். 1994ஆம் வருடத் திருத்தச் சட்டம் இன்னும் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. தோற்றம், மேல்பூச்சு, சிறு குறைகள் இல்லாமை ஆகியவையும் தரத்தின் கூறுகள் என்று. ஆகப் புள்ளியைப் பார்த்து முகம் சுளிப்பவர் வீண்வம்புக்காரர் இல்லை. விலை ஏற ஏற அவருடைய எதிர்பார்ப்பும் நியாயமாகிறது.

ஒன்று மட்டும் மாறிப்போயிற்று. பழைய சட்டமெல்லாம், வாங்குபவன் கடையில் நின்று சரக்கைத் திருப்பிப் பார்ப்பான் என்று நம்பி எழுதப்பட்டவை. நம் பாத்திரக் கடையிலேயே பார்த்திருப்பீர்கள். பித்தளைக் குடத்தைச் சுண்டிப் பார்த்து, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, அடியைத் தடவிப் பார்த்துத்தான் அம்மாக்கள் எடுப்பார்கள். நாலு குடத்தில் ஒன்றைப் பொறுக்கி எடுத்தவுடன் அந்தக் குடத்தின் சின்னச் சொட்டைக்கும் அவர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று அர்த்தம். இன்று பெட்டி வருகிறது. பொறுக்கும் உரிமை இல்லாமல் பணம் கட்டியாகிவிட்டது. அதனால் பொறுக்கும் வேலையையெல்லாம் பெட்டியைப் பிரிக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் செய்கிறோம். ஐரோப்பாவில் இப்படித் தொலைவிலிருந்து வாங்கும் சாமானைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் திருப்பலாம் என்று 2011இல் விதி செய்ததும் இதற்காகத்தான். கடையில் நின்று பார்க்கும் வாய்ப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் புதுப் பாத்திரத்தின் முதல் கீறலை நாமே காசு கொடுத்துப் போட்டோம். கடை வாசலில் ஒருவர் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பார். புது எவர்சில்வர் டபராவில் டக் டக்கென்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார். அந்தத் தழும்பு விழுந்த பிறகுதான் பாத்திரம் நம்முடையது. இனி கல்யாண வீட்டுக்குப் போனாலும் திரும்பி வரும். திருப்பி அனுப்பக்கூடியதாக இருக்கும்வரை ஒரு பொருள் இன்னும் கடைக்காரனுடையதுதான் என்பதை அந்த உளி அழகாகச் சொல்லிற்று.

இனி, இந்தக் கண்ணாடி முகத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதற்கு வருகிறேன். குரோமிய முலாம் தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். அந்தத் தொட்டியில் விடும் மின்சாரத்தில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு உலோகத்தைப் படிய வைக்காமல் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் குமிழிகளாக்கிவிடும். குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது அமிலத்தைப் பொடித் துளியாகக் காற்றில் தெளிக்கும். தொட்டி ஓரத்தில் நிற்பவன் அதைச் சுவாசிக்கிறான். குரோமிய உப்பு தொட்டவர் கைகளில் ஆறாத குழிப்புண் வருவதை 1827இலேயே கிளாஸ்கோ மருத்துவர் ஒருவர் எழுதிவைத்துவிட்டார். மூக்கின் நடுச்சுவர் அரித்து ஓட்டை விழும். வலிகூடத் தெரியாமல் விழும் என்பதுதான் இதில் பயங்கரம். முலாம் தொழில் பரவிய சில வருடங்களிலேயே, 1931இல், பிரிட்டன் குரோமிய முலாமுக்கென்றே தனி ஒழுங்குவிதி போட வேண்டிவந்தது. காற்றை உறிஞ்சி வெளியேற்றவும், தொழிலாளியின் கைகளையும் மூக்கையும் குறித்த இடைவெளியில் பரிசோதிக்கவும் அது சொல்லிற்று. ஆறு இணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் முதல் பட்டியலிலேயே வைத்தது. 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி அனுமதி இல்லாமல் குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்த முடியாது.

நமக்கு இது தூர தேசத்துக் கதை இல்லை. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலை ஒன்றின் கழிவு லட்சக்கணக்கான டன்னாகக் குவிந்து கிடந்து, மழையில் கரைந்து, பாலாற்றங்கரை நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. அது தோல் பதனிடுவதற்கான குரோமியத் தொழில், முலாமுக்கானது இல்லை. ஆனாலும் விஷம் அதே விஷம். பளபளப்பு ஓரிடத்துக்கும் கழிவு வேறிடத்துக்கும் போவது இந்த உலோகத்தின் ஜாதகம்.

ஏ முகத்தில் ஒரு புள்ளிக்காகத் தள்ளப்பட்ட உருப்படி குப்பைக்குப் போவதில்லை. முலாமை உரித்து, மறுபடி மெருகு போட்டு, மறுபடி அதே தொட்டியில் இறக்குவார்கள். அதாவது புள்ளி இல்லாத ஒரு முகத்துக்காக ஒருவன் அந்தத் தொட்டி ஓரத்தில் இரண்டாம் தடவை நிற்கிறான். ஆய்வு மேஜையில் நான் சிவப்புச் சீட்டு ஒட்டிய ஒவ்வொரு உருப்படிக்கும் பின்னால் அப்படி ஒரு ஆள் நின்றார். தள்ள வேண்டியதைத் தள்ளித்தான் ஆகவேண்டும். எதைத் தள்ள வேண்டும் என்பதில்தான் விவரம் வேண்டும்.

அந்த விவரத்துக்கு எஸ்பிரெஸோ சாமானில் ஒரு கணக்கு உண்டு. ஒன்பது மடங்கு அழுத்தம் என்றேன். 58 மில்லிமீட்டர் அகலமுள்ள பாஸ்கெட்டின் மேல் அந்த அழுத்தம் சுமார் 240 கிலோ எடைக்குச் சமம். மூன்று தடியான ஆட்கள் ஏறி நிற்கிற மாதிரி. அந்தப் பாரத்தைத் தாங்குவது போர்ட்டாஃபில்டரின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள். ஆகவே கழுத்திலே ஒரு குழி இருந்தால் விட்டுவிடுங்கள். காதின் அடியில் மயிரிழை விரிசல் இருந்தால் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். பாஸ்கெட்டின் வெளிச்சுவரில் கீறல் ஒன்றும் செய்யாது. அதன் விளிம்பில் சொட்டை இருந்தால் ரப்பர் வளையத்தோடு ஒட்டாமல் வெந்நீர் பீச்சும். பாஸ்கெட்டின் துளைகள் சுமார் 0.3 மில்லிமீட்டர். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அடைத்த துளையும் பிசிறு தொங்கும் துளையும் தெரிந்துவிடும். டேம்பரின் கைப்பிடி மரத்தில் ரேகை ஒரு பக்கம் கறுத்திருப்பது மரத்தின் குணம். அதன் அடித்தட்டு கோணலாக இருந்தால் தூள் ஒரு பக்கம் தளர்ந்து, தண்ணீர் அந்தச் சந்து வழியாகவே ஓடிவிடும், காப்பி கசக்கும். புதுப் பால் ஜாடியைத் துடைத்தால் துணியில் வரும் கறுப்பு, மெருகு போட்ட பசையின் மிச்சம். சோப்புப் போட்டு இரண்டு தடவை தேய்த்தால் போய்விடும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது கொப்புளம். போர்ட்டாஃபில்டரின் உட்புறத்தில், காப்பி படும் இடத்தில், முலாம் மிளகளவுக்குச் சற்றே உப்பியிருக்கும். பார்த்தால் புள்ளியைவிடச் சாதுவாகத் தெரியும். ஆனால் அங்கே முலாம் பித்தளையைப் பிடிக்கவில்லை என்று பொருள். சூட்டிலும் குளிரிலும் அது உரிந்து, பித்தளை வெளியே வரும். கடைசலுக்கு வசதியாகப் பல பித்தளைகளில் ஓரிரண்டு சதவீதம் காரீயம் சேர்ப்பது வழக்கம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்றிருந்த காரீய வரம்பை 2036க்குள் 5 ஆக்கவேண்டும் என்று ஐரோப்பா விதித்திருக்கும் காலம் இது. நம் பாட்டிமார்களுக்கு இந்தப் பாடம் நன்றாகத் தெரியும். பித்தளைப் பாத்திரத்துக்குள் வெள்ளீயப் பூச்சு தேய்ந்துவிட்டால் புளி சேர்ந்த எதையும் அதில் வைக்கமாட்டார்கள். தெருவில் "ஈயம் பூசறது" என்று குரல் கேட்டால் முதலில் அந்தப் பாத்திரம்தான் வெளியே போகும். வெளிப்பக்கம் எவ்வளவு நசுங்கியிருந்தாலும் கவலைப்படமாட்டார்கள். உள்பூச்சு போனால் விடமாட்டார்கள். அவர்களுக்கு ஏ முகம் பாத்திரத்தின் உள்ளேதான் இருந்தது.

போனில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். முதலில் உள்ளே பாருங்கள், பிறகு விளிம்பு, பிறகு காது. மூன்றும் சரியென்றால் வெளியே கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். அப்போதும் அந்தப் புள்ளி உறுத்தினால், கொடுத்த விலைக்கு அது தகாது என்று தோன்றினால், தயங்காமல் திருப்புங்கள். அது உங்கள் உரிமை. விற்பவர் ஏதாவது தள்ளுபடி தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. யாரோ உபயோகித்துத் திருப்பிய சாமானைப் புதிது என்று அனுப்பியிருந்தால் மட்டும் சமரசம் வேண்டாம். காது விளிம்பில் மாட்டித் திருகிய தேய்மானமும், துளையோரத்தில் காப்பிக் கறையும் காட்டிக்கொடுக்கும். அங்கே குறை உலோகத்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது.

கடைசியாக, அண்மையில் அதிகம் கேட்கும் புகார் ஒன்று: "மிஷின் நீலம் பாய்ந்த வெள்ளையா இருக்கு, புதுசா வாங்கின போர்ட்டாஃபில்டர் கொஞ்சம் பழுப்படிச்ச மாதிரி இருக்கு, ஜோடி சேரலை." ஆறு இணைதிறன் குரோமியத்துக்குப் பதிலாக மூன்று இணைதிறன் குரோமியத்தால் முலாம் பூசும் முறை 1970களிலிருந்து இருக்கிறது, இப்போது சட்டத்தின் நெருக்கலில் பரவி வருகிறது. அதில் அந்த அமிலப் புகையின் ஆபத்து மிகக் குறைவு. நிறத்தில் மட்டும் சற்று மங்கலும் பழுப்புச் சாயலும் காட்டும். எல்லா நிற வேறுபாட்டுக்கும் அதுவே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அதுதான் காரணம் என்று பதில் வந்தால், ஜோடி சேராத அந்தப் பழுப்பைக் குறைப்பட்டியலில் எழுத என் கை வராது. தொட்டி ஓரத்தில் நின்ற ஒருவன் மூக்கு முழுசாக வீட்டுக்குப் போனதற்கு அது அத்தாட்சி.